எலி சொல்வதை முழுதாகக் கேளுங்கள்

எச்.ஐ.வி.யோடு வாழும் தோழர்களே, தோழியரே, மாதக் கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு வந்து கடைசி வரிசையில் உட்காரும் அம்மாக்களே,



சென்ற கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உங்களில் ஓர் அக்கா என்னை ஓரமாக அழைத்து, கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரு செய்தி. எலியின் உடலிலிருந்து எச்.ஐ.வி.யை அடியோடு நீக்கிவிட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு வெள்ளை எலியின் படம். “எலிக்குச் சரியாயிடுச்சாம் மேடம். நமக்கு எப்போ?” என்று கேட்டார்.

நின்றபடி இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை. “அடுத்த கூட்டத்தில் விளக்கமாகப் பேசுவோம்க்கா” என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அதற்கு அடுத்த வாரமே இன்னொரு சேதி வந்தது. நம் கூட்டத்துக்கு வந்துபோகும் ஒரு தம்பி, இதே மாதிரி ஒரு செய்தியை நம்பி, இனி மருந்தே தேவைப்படாது என்று முடிவு செய்து, இரண்டரை மாதமாக மாத்திரையைத் தொடவில்லை. ஆண்டுக்கணக்கில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்துகொண்டிருந்த அவருடைய வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, இப்போது பல ஆயிரத்தில் நிற்கிறது. கவுன்சிலர் அவரை மறுபடி எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப்போய் மாத்திரையைத் தொடங்க வைத்துவிட்டார். தம்பி நலமாக இருக்கிறார். என் மனம்தான் ஆறவில்லை.

காரணம், அந்த எலியை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகள் அந்த எலிகளோடுதான் வேலை செய்தேன். அதன் உடம்பில் ஓடுவது யாருடைய செல், அது எதை நமக்குச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்த நான் அதை உங்களிடம் இதுவரை சொல்லாமல் இருந்தது தவறு. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு கேள்வி உங்களுக்கே தோன்றும். எச்.ஐ.வி. மனிதரைத் தவிர வேறு எதற்கும் வராது என்றுதானே நம்பிக்கை மையத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? எலிக்கு எப்படி வந்தது?

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் சரிதான். சாதாரணச் சுண்டெலிக்கு எச்.ஐ.வி. தொற்றாது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிதான் நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்த அந்த சிடி4. எலிக்கும் சிடி4 உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு, வைரஸால் பிடிக்க முடியாது. கூடவே சிசிஆர்5 என்ற இன்னொரு பிடி வேண்டும், அதுவும் எலியில் பொருந்தாது. எப்படியாவது உள்ளே தள்ளிவிட்டாலும், வைரஸ் தன்னைப் படியெடுக்க உதவும் ஒரு மனிதப் புரதத்தின் இடத்தில் எலியில் வேறு மாதிரிப் புரதம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வாசல், உள்கதவு, அடுப்பங்கரை மூன்றும் பூட்டியிருந்தால் திருடன் என்ன செய்வான்? அப்படித்தான் எலியின் உடம்பு எச்.ஐ.வி.க்கு.

ஆகவே ஆய்வாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். எலிக்குள் மனிதச் செல்களையே குடிவைப்பது என்று முடிவு செய்தார்கள்.

அதற்கு முதல் தேவை, மனிதச் செல்லை அந்நியம் என்று அடையாளம் கண்டு தாக்காத எலி. 1983-ல் ஃபிலடெல்ஃபியாவில் மெல்வின் போஸ்மாவும் அவருடைய குழுவினரும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி உருவாகாத எலிகளைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1988-ல், கலிஃபோர்னியாவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அந்த எலிகளுக்குள் மனித எதிர்ப்பு மண்டலத்தின் பகுதிகளை ஏற்றிக் காட்டின. ஜோசஃப் மெக்யூன், இர்விங் வைஸ்மன் குழு மனிதத் தைமஸ், கல்லீரல் திசுத் துண்டுகளைப் பதித்தது. டொனால்ட் மோசியர் குழு பெரியவர்களின் இரத்தச் செல்களைச் செலுத்தியது. எய்ட்ஸால் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த, கையில் மருந்து என்று ஒன்றே ஒன்று மட்டும் இருந்த காலம் அது. அதே ஆண்டிலேயே அந்த எலிகளுக்குள் இருந்த மனிதச் செல்களில் எச்.ஐ.வி. தொற்றுவதையும் பார்த்துவிட்டார்கள்.

நம் ஊர்க் கணக்கில் அது எந்தக் காலம் என்று சொல்கிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது 1986-ல். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தது இந்த எலி. உங்களில் பலருடைய வாழ்க்கையை மாற்றிய இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது, தாம்பரத்திலும். ஆய்வகத்துக்கும் மருந்து வாங்கும் ஜன்னலுக்கும் இடையே இருக்கும் தூரத்தை இந்த ஆண்டுகளே சொல்லும்.

தொடக்க கால எலிகளில் ஏற்றிய மனிதச் செல்கள் அதிகம் பெருகவில்லை, நீடிக்கவும் இல்லை. 2002-ல் ஜப்பானின் கவாசாகியிலும், 2005-ல் அமெரிக்காவின் பார் ஹார்பரிலும், இன்னும் ஆழமாக எதிர்ப்புச் சக்தி நீக்கப்பட்ட எலி இனங்கள் உருவாயின. 2006-ல் எலும்பு மஜ்ஜை, கல்லீரல், தைமஸ் மூன்றின் மனிதச் செல்களையும் திசுக்களையும் ஒரே எலிக்குள் வைத்த ‘பி.எல்.டி. எலி’ வந்தது. அதில் இரத்தத்தில் மட்டுமல்லாமல் குடல், நுரையீரல், பெண் எலியின் பிறப்புறுப்பு வரை வைரஸ் குறிவைக்கும் எதிர்ப்பு அணுக்களான மனித டி செல்கள் போய்க் குடியேறின. எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் பரவுகிறது என்பதால், இந்தக் குடியேற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே புரியும்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை ஆறரை மணிக்கு ஆய்வகத்தின் எலி அறைக்குள் போவேன். உடம்பை மூடிய அங்கி, இரட்டைக் கையுறை, முகக்கவசம், காலுறை. ஒவ்வொரு கூண்டுக்கும் வடிகட்டிய காற்று தனியாக வரும். தீவனம், தண்ணீர், கீழே பரப்பும் மரச்சீவல் எல்லாம் நீராவியில் கிருமி நீக்கியவை. வெளியில் ஓடும் எலிக்குத் தும்மல்கூட வரவழைக்காத கிருமி இந்த எலியைக் கொன்றுவிடும். உங்களில் மூத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிடி4 ஐம்பதுக்குக் கீழே இறங்கிக் கிடந்த நாட்களில், கொதிக்க வைத்த தண்ணீரையும் உங்கள் வீட்டார் எப்படிப் பயந்து பயந்து கொடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த எலி வாழ்நாள் முழுக்க அப்படித்தான் வாழ்கிறது.

பிறந்து ஒன்றிரண்டு நாளான, இளஞ்சிவப்பான, கண் திறக்காத குட்டிகள். அவற்றுக்கு மிதமான அளவில் கதிர்வீச்சு கொடுத்து, உடம்புக்குள் மனிதச் செல் குடியேற இடம் உண்டாக்குவோம். பிறகு மெல்லிய ஊசியால் கல்லீரலுக்குள் மனித ஸ்டெம் செல்களைச் செலுத்துவோம். அந்தச் செல்கள் பெரும்பாலும் பிரசவ அறையிலிருந்து வந்தவை. குழந்தை பிறந்த பிறகு தூக்கி எறியப்படும் தொப்புள்கொடியின் இரத்தத்தைக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அம்மாக்களுடையவை. அந்த இரத்தப் பை கைக்கு வரும்போது பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஒரு வீட்டில் அந்தக் குழந்தை இப்போது தவழத் தொடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பத்து, பன்னிரண்டு வாரம் காத்திருப்போம். பிறகு மூன்று சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஒரு சுண்டெலியின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய இரண்டு மில்லி இரத்தம்தான். மூன்று சொட்டுக்கு மேல் எடுத்தால் அதற்குத் தாங்காது. அந்த மூன்று சொட்டில், வெள்ளணுக்களில் பாதியோ அதற்கும் மேலோ மனித அணுக்கள் என்று கருவியின் திரையில் தெரியும்போது, எத்தனை முறை பார்த்தாலும் ஒரு கணம் மூச்சு நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிருக்குள் ஒரு மனிதரின் எதிர்ப்பு மண்டலம்.

பிறகுதான் தொற்று, பிறகு மருந்து. நீங்கள் விழுங்கும் அதே வகை மருந்துகள். தீவனத்தில் கலந்தோ ஊசியாகவோ கொடுப்போம். வாரந்தோறும் மூன்று சொட்டு. வைரல் லோடு மளமளவென்று இறங்கும். நான்கு வாரத்தில் பெரும்பாலான எலிகளில் கருவியால் காண முடியாத அளவுக்குப் போய்விடும். அப்படியே வாரக்கணக்கில் இருக்கும். பிறகு ஒருநாள் மருந்தை நிறுத்துவோம்.

நான் முதன்முதலில் அந்த முடிவைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். நிறுத்தி முதல் வாரம், வைரஸ் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. என்னை அறியாமல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வாரம் எட்டு எலிகளில் ஆறில் வரைபடக் கோடு செங்குத்தாக ஏறிவிட்டது. அடுத்த வாரம் மீதி இரண்டும். அத்தனை வாரமும் வைரஸ் எங்கே இருந்தது? தூங்கும் மனித டி செல்களின் மரபணுவுக்குள் தன்னை எழுதிவைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் காத்திருந்தது. மருந்து என்ற காவல் போனதும் எழுந்தது.

நம் தம்பிக்கு நடந்ததும் இதேதான். அவர் நம்பிய செய்தியில் எலி நலமாக இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதே எலி பல ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன். அது பொய்ச் செய்தி இல்லை, பாதிச் செய்தி. 2019 ஜூலையில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகமும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. மனிதச் செல் ஏற்றிய எலிகளுக்கு எச்.ஐ.வி. தொற்ற வைத்து, முதலில் மெதுவாகக் கரையும் நீண்ட கால மருந்துகளைக் கொடுத்தார்கள். பிறகு, ‘கிரிஸ்பர்’ என்ற மரபணுக் கத்தரிக்கோலைச் செலுத்தி, செல்லுக்குள் ஒளிந்திருந்த வைரஸின் மரபணுவை வெட்டி நீக்கப் பார்த்தார்கள். இரண்டும் சேர்த்துக் கொடுத்த எலிகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், வைரஸ் திரும்பி வரவில்லை. மீதி மூன்றில் இரண்டு பங்கில் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது அந்த ஒரு பங்கு மட்டும்.

அதன் தொடர்ச்சி இன்னும் முக்கியம். அதே வழியில் மனிதருக்கான ஒரு மரபணுச் சிகிச்சை 2022-ல் சோதனைக்கு வந்தது. உங்களைப் போல எச்.ஐ.வி.யோடு வாழும் சிலர் துணிந்து முன்வந்தார்கள். 2024-ல் முடிவு சொன்னார்கள்: பெரிய பக்கவிளைவு இல்லை. ஆனால் மருந்தை நிறுத்திப் பார்த்த மூன்று பேருக்கும் வைரஸ் திரும்பிவிட்டது. ஒருவருக்கு மட்டும் நான்கு மாதம் அளவுக்குத் தாமதமானது. எலியின் உடம்பு ஒரு சின்ன அறை. மனித உடம்பு ஆயிரம் அறைகள் உள்ள மாளிகை. சின்ன அறையைப் பெருக்கத் தெரிந்த துடைப்பம் மாளிகைக்குப் போதவில்லை. அது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை அறை பாக்கி இருக்கிறது என்று இப்போதுதான் சரியாகத் தெரிந்திருக்கிறது. நான்கு மாதத் தாமதம் ஏன் வந்தது என்பதும் தேட வேண்டிய பதில்.

அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: எலியிலும் எல்லாவற்றுக்கும் சரியாகவில்லை, நமக்கு இன்னும் ஆகவில்லை, வேலை நடக்கிறது.

அப்படியானால் இந்த எலியால் நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கிடைத்தது நிறைய.

2008-ல் பி.எல்.டி. எலிகளை வைத்து ஓர் ஆய்வு. தொற்றுக்கு முன்பே டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற மருந்துகள் இரண்டையும் கொடுத்தால் பிறப்புறுப்பு வழித் தொற்றைத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். மருந்து கொடுக்காத 8 எலிகளில் 7-க்குத் தொற்று வந்தது. மருந்து கொடுத்த 5-ல் ஒன்றுக்குக்கூட வரவில்லை. குரங்குகளில் நடந்த ஆய்வுகளும் இதையே கூறின. அடுத்து, 2010-ல், 2,499 பேர் கலந்துகொண்ட பெரிய மனித ஆய்வில், தினம் ஒரு மாத்திரை தொற்றை 44 சதவீதம் குறைத்தது. ஒழுங்காக விழுங்கியவர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் அதிகம். 2012-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இன்று ‘ப்ரெப்’ என்று நீங்கள் கேள்விப்படும், துணைவருக்குத் தொற்று இல்லாத தம்பதிகளிடம் நாம் பேசும், அந்த முன்தடுப்பு மாத்திரை வந்த வழி இது. டெனோஃபோவிர் என்ற பெயர் உங்களுக்குப் புதிதா? நீங்கள் இரவு விழுங்கும் டி.எல்.டி. மாத்திரையின் முதல் எழுத்தே அதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு ஊசி என்று இப்போது பேசப்படும் லெனகாபவிர் மருந்துக்கும் இந்த எலியோடு தொடர்பு உண்டு. அந்த மருந்தின் அண்ணன் போன்ற ஒரு மூலக்கூறு மனிதச் செல் ஏற்றிய எலிகளில் நீண்ட நாள் வேலை செய்வதை 2019-ல் காட்டினார்கள். 2024-ல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

‘ஏன் மூணு மருந்து? ஒண்ணு போதாதா?’ என்று புதிதாக வருகிறவர்கள் எப்போதும் கேட்பார்கள். 2012-ல், வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்களை இந்த எலிகளில் சோதித்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்தால் வைரஸ் உருமாறித் தப்பித்துவிட்டது. ஐந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அடங்கியது. பிறகு மனிதர்களில் இரண்டை இணைத்துக் கொடுத்தபோது, தேர்ந்தெடுத்த சிலருக்கு மாத்திரை இல்லாமலே பல வாரம் வைரஸ் அடங்கியிருந்தது. ஒரு வாசலை மட்டும் அடைத்தால் அது வேறு வாசல் தேடும். கூட்டு மருந்து என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்.

பால் கொடுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு சேதி உண்டு. அதே 2012-ல், ஆரோக்கியமான பெண்களின் தாய்ப்பால், எலியின் வாய் வழியாக எச்.ஐ.வி. தொற்றுவதைத் தடுத்தது என்று கண்டார்கள். தாய்ப்பாலுக்குள் வைரஸை எதிர்க்கும் ஏதோ இருக்கிறது. இதை வைத்து வீட்டில் நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். உங்கள் மருந்தையும், குழந்தைக்கான மருந்தையும், பால் பற்றிய தீர்மானத்தையும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரோடு சேர்ந்தே எடுங்கள். ஆனால் ‘என் பால் விஷம்’ என்று சொல்லி அழுத ஒரு தங்கைக்கு அன்று நான் சொல்லத் தவறிய பதிலின் ஒரு பகுதி இந்த ஆய்வில் இருக்கிறது.

குறைகளையும் மறைக்க மாட்டேன். இந்த எலிக்கு நிணநீர்க் கணுக்கள் சரியாக வளர்வதில்லை. தடுப்பூசி போட்டால் நம்மைப் போல வலுவான எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. அதனால் தடுப்பூசி விஷயத்தில் இது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயுளும் குறைவு. இருபது, முப்பது ஆண்டு எச்.ஐ.வி.யோடு வாழும் உங்கள் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன ஆகும் என்று சில மாதமே வாழும் எலி எப்படிச் சொல்லும்? ஒரு கொடையாளியின் செல் ஏற்றிய எலிக்கும் இன்னொருவரின் செல் ஏற்றிய எலிக்கும் முடிவு மாறும்.

இன்னொன்று. உள்ளே குடிவைத்த மனிதச் செல்கள், சில மாதத்தில், எலியின் உடம்பையே அந்நியமாகப் பார்த்துத் தாக்கத் தொடங்கும். ரோமம் கொட்டும். முதுகு கூனும். கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்காரும். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு மேல் வலியை நீட்டக்கூடாது என்பது விதி. மயக்கம் கொடுத்து முடித்துவிட வேண்டும். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். கையுறைக்குள்ளும் அந்தச் சூடு தெரியும். இதை உங்களிடம் சொல்லாமல் மருந்தின் பெருமையை மட்டும் சொன்னால் நானும் பாதிச் செய்தி சொன்னவளாகிவிடுவேன்.

எலியின் உயிர் மட்டுமா? பி.எல்.டி. எலிக்கு வேண்டிய தைமஸும் கல்லீரலும் கருக்கலைப்புக்குப் பிறகு தாயின் சம்மதத்தோடு பெறப்படும் திசுக்கள். இதில் மனச்சாட்சி உறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உறுத்தலை நான் மதிக்கிறேன். அமெரிக்காவில் 2018 இறுதியில் இந்தத் திசு வாங்குவது நிறுத்தி வைக்கப்பட்டு, மொண்டானா மாநிலத்து அரசு ஆய்வகம் ஒன்றில் எச்.ஐ.வி. குணப்படுத்தும் ஆய்வு பாதியில் நின்றது. 2019-ல் கட்டுப்பாடு இறுகியது, 2021-ல் தளர்ந்தது. இதற்கிடையே, இதய அறுவை சிகிச்சையின்போது குழந்தைகளிடமிருந்து எப்படியும் அகற்றப்படும் தைமஸ் துண்டைப் பயன்படுத்தும் வழியை விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2018-ல் காட்டினார்கள். எலி தேவைப்படாத இடத்தில் எலியைத் தவிர்க்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும் என்ற மூன்று நெறிகள் 1959-லிருந்து ஆய்வாளர்கள் முன் இருக்கின்றன. மனிதச் செல்களைக் கொண்டு கண்ணாடித் தட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் பெருகிவருகின்றன. அவை வளரட்டும். ஆனால் உடல் முழுக்க ஒளிந்திருக்கும் வைரஸைத் தேட, இன்றைக்கு ஓர் உடல் தேவைப்படுகிறது. அதை மனதறிந்து சொல்கிறேன்.

தோழர்களே, நான் உங்களிடம் கேட்பது மூன்று.

முதலாவது, மாத்திரை. எந்தச் செய்தி வந்தாலும், யார் அனுப்பினாலும், உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு வழியாகத் துணைவருக்குத் தொற்றாது என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அந்தப் பாதுகாப்பைக் கொடுப்பது மாத்திரை.

இரண்டாவது, கேள்வி. அடுத்த முறை ‘குணமானது’ என்று செய்தி வந்தால், ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இது எலியிலா, குரங்கிலா, மனிதரிலா? எத்தனையில், எத்தனைக்குப் பலித்தது? மருந்தை நிறுத்திய பிறகு எவ்வளவு காலம் காத்திருந்து பார்த்தார்கள்? அதற்குப் பிறகு மனிதரில் முயன்றார்களா, என்ன ஆயிற்று? பதில் தெரியாவிட்டால் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

மூன்றாவது, இருக்கை. 1983-ல் டென்வர் நகரில் எய்ட்ஸோடு வாழ்ந்த சிலர் கூடி, தங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1997-ல் சென்னையில் நீங்களும் உங்கள் மூத்தவர்களும் தேசிய அளவில் ஒரு வலையமைப்பைத் தொடங்கினீர்கள். மருந்து ஆய்வுகளுக்கான சமூக ஆலோசனைக் குழுக்களில் உட்காரக் கூப்பிட்டால் ‘நமக்கு என்ன தெரியும்’ என்று ஒதுங்காதீர்கள். எலியின் வைரல் லோடு வரைபடத்தை என்னைவிட நன்றாக வாசிக்கக்கூடியவர்கள் நீங்கள். ஏறும்போது உடம்பில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். யாரும் அவரைத் திட்ட வேண்டாம். நம்பியது அவர் குற்றமில்லை. குணமாக வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். கைப்பேசியைக் காட்டிய அக்காவும் பக்கத்தில் உட்காரட்டும். வைரஸ் திரும்பி வந்த அந்த வரைபடத்தை அச்செடுத்து வருகிறேன். எட்டுக் கோடுகளையும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
நாற்காலிகளை உங்களோடு அடுக்கும் உங்கள் தோழி